மாதப்பன் கொடுத்த இடம்

என் மகள் ஷமீமாவின் உள்ளங்காலைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டார்கள். சேலத்தில் எங்களுக்குத் தெரிந்த தோல் டாக்டர் ஒருவர் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தயவுசெய்து சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

1988, மே மாதம். என் கணவர் யூசுப் சேலத்தில் ஷாமியானா கடை வைத்திருந்தார். கல்யாணப் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுவார். அந்த வருடம் அவருக்குப் புதிதாக ஒரு யோசனை. சீசன் நேரத்தில் ஏற்காட்டில் லாட்ஜ் கிடைக்காமல் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் திரும்பிப் போகிறார்கள். கூடாரம் தைத்து வாடகைக்கு விட்டால் என்ன? கெட்டிக் கித்தான் வாங்கி அவரே ஒன்று தைத்தார். "முதல்ல நாமளே ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்போம், ஜரீனா" என்றார். நான், அவர், நாலு வயது ஷமீமா. கடை வேனில் கிளம்பினோம்.

ஏற்காடு கடைவீதியில் ஜாபர் அலி பேக்கரி வைத்திருந்தார். யூசுப்பின் பெரியம்மா மகன். அவர் வீட்டில் ஏற்கெனவே விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். கூடாரம் போட அவர்தான் இரண்டு இடம் சொன்னார்.

"கரடியூர்ல செல்லப்பன் தோட்டம் இருக்குது. ஊட்டை ஒட்டியே போட்டுக்கலாம். இல்லாட்டி வாழவந்தி போற வழியில மாதப்பன்னு ஒருத்தரு. யாரு வந்து தங்குனாலும் சந்தோசம்னு பார்க்கறப்பல்லாம் சொல்லுவாரு. அந்த இடத்தை நான் பார்த்ததில்ல. ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணு, யூசுப்பு."

செல்லப்பன் தோட்டத்தை முதலில் பார்த்தோம். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே சரிவான நிலம். பக்கத்திலேயே மாட்டுக்கொட்டகை. கோமிய நாற்றம் மூக்கில் ஏறியது. ஷமீமாவின் வாயோரத்தில் ஈ வந்து வந்து உட்கார்ந்தது. யூசுப் காலால் நிலத்தைத் தட்டிப் பார்த்தார். பாறை. "முளை இறங்காது" என்றார். எனக்கு அங்கே ஒரு வாய் டீ குடிக்கவே குமட்டியது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மாதப்பன் ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தினமும் அங்கேதான் நிற்பாராம். வேனை ரோட்டில் நிறுத்திவிட்டு, ஒற்றையடிப் பாதையில் அவர் பின்னால் நடந்தோம். காபிச் செடிகள் முடிந்ததும் ஒரு சின்ன ஓட்டு வீடு. வீட்டுக்கு முன்னால்...

நான் அப்படி ஒரு புல்தரையைப் பார்த்ததே இல்லை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கேரம் போர்டு போலச் சமமாக இருந்தது. புல் கிராப் வெட்டிய தலை மாதிரி ஒரே உயரம். சாணம் இல்லை. சருகு இல்லை. ஒரு எறும்புகூட இல்லை. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"மாடு மேயுதுங்களா?" என்று யூசுப் கேட்டார்.

"இல்லீங்க. இங்க மாடு நிக்காதுங்க" என்றார் மாதப்பன். "நீங்க தாராளமா தங்குங்க. காசெல்லாம் வேண்டாமுங்க. ஆளுங்க இருந்தாப் போதுமுங்க."

அவர் மனைவி காளியாயி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். புல் ஆரம்பிக்கும் இடத்தில் நின்றுவிட்டாள். நான்தான் நடந்து போய் வாங்கினேன். அவள் ஷமீமாவையே பார்த்தாள்.

"ஏனுங்க, பாப்பாவ ராத்திரிக்கு எங்க ஊட்டுல படுக்க வெச்சுக்கட்டுங்களா?"

"சும்மா இரு புள்ள!" என்று மாதப்பன் அதட்டினார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். முன்பின் தெரியாத வீட்டில் பிள்ளையை எப்படி விடுவது? நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

யூசுப் முளை அடிக்க ஆரம்பித்தார். ஓங்கி நாலு அடி அடித்தால்தான் இறங்கும் முளை, ஒரே தட்டில் இறங்கியது. பாலில் ஊறிய ரொட்டியில் விரலை விட்ட மாதிரி... சொத் என்று. இடம் தப்பிவிட்டது என்று ஒரு முளையைப் பிடுங்கினார். ஓட்டையிலிருந்து பழுப்பாக, கொழகொழவென்று என்னமோ பொங்கி வந்தது. கூடவே ஒரு வாடை. ஆட்டுக்குடலைக் கழுவாமல் மூன்று நாள் டிபன் பாக்ஸில் மூடிவைத்துத் திறந்தால் எப்படி இருக்கும்... அப்படி.

"காபிக்கொட்டைத் தோலைப் புதைச்சிருப்பாங்க. அது அழுகினா இப்படித்தான் நாறும்" என்றார் யூசுப்.

அவர் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். வாடை போகவில்லை.

புல்லும் ஈரமாகவே இருந்தது. மே மாத வெயில். மழை பெய்து ஒரு வாரம் ஆகிவிட்டதாம். உட்கார்ந்து எழுந்தால் புடவை ஒட்டியது. விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலை எடுத்தபோது ஈரம் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. எச்சில் மாதிரி. சீ என்று புடவைத் தலைப்பில் துடைத்தேன். அந்தப் புடவையை நான் பிறகு எரித்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கியது. வீடு கண்ணுக்குத் தெரியவில்லை.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சோறு வடித்து, முட்டை பொரித்தேன். ஷமீமா தட்டைக் கவிழ்த்துவிட்டாள். சோறெல்லாம் புல்லில். துணி எடுக்கத் திரும்பினேன். துணியைக் கையில் எடுத்தேன். அவ்வளவு நேரம்தான்.

திரும்பினால் சோறு இல்லை.

ஒரு பருக்கைகூட இல்லை. தட்டு நிமிர்ந்து கிடந்தது. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. நாய் வந்திருக்குமோ என்று சுற்றிப் பார்த்தேன். எதுவும் இல்லை. தட்டைத் தூக்கினேன். அடியிலிருந்து புல்வரைக்கும் வெள்ளையாக, கெட்டியாக ஒரு கோழை... கயிறு போலத் தொங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது.

வாந்தி எடுத்தேன். குனிந்தபடியே கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

அந்த வாந்தியும் அங்கே இல்லை.

"ஏங்க... கிளம்பிடலாங்க."

யூசுப் சிரித்தார். ஆனால் அவர் முகமும் சரியில்லை. "இந்தப் பனியில வேனை எடுக்க முடியாது. கொஞ்சம் கலையட்டும்" என்றார்.

உள்ளே போனோம். தரையில் தார்ப்பாய். அதன்மேல் ஜமக்காளம். ஷமீமாவை நடுவில் படுக்க வைத்தோம். லாந்தரைச் சின்னதாக எரியவிட்டோம். மணி ஏழேகால்.

ஷமீமா சிரித்தாள்.

"அம்மா... காலு கூசுது."

"தூங்கு கண்ணு."

மறுபடியும் சிரித்தாள். "அத்தா, கூசுது அத்தா... விடச் சொல்லுங்க."

யூசுப்பின் இரண்டு கையும் அவர் மடியில் இருந்தன. என் கைகளும் என் மடியில்.

போர்வையை விலக்கினேன். அவள் இரண்டு காலும் தார்ப்பாயைத் தாண்டி, கூடாரத்தின் ஓரத்தில், புல்மேல் இருந்தன. போட்டுவிட்டிருந்த காலுறைகளைக் காணோம். முட்டிவரைக்கும் நனைந்திருந்தது. தொட்டேன். வழுக்கியது. அதே அழுகல் வாடை. காலை வெடுக்கென்று உள்ளே இழுத்தேன்.

சர்ர்ப்...

வெளியே இல்லை. கீழே இருந்து வந்தது.

சர்ர்ர்ப்...

தார்ப்பாய்க்கு அடியில் ஏதோ நகர்ந்தது. முறம் அளவுக்கு அகலம். மெதுவாக ஓர் ஓரத்தில் புடைத்து, மறு ஓரம்வரைக்கும் போயிற்று. நின்றது. திரும்பி வந்தது. என் தொடைக்கு அடியில் அது போனபோது... சூடு. ஈரம். சொரசொரப்பு. பசு கன்றுக்குட்டியை நக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான். தார்ப்பாயும் ஜமக்காளமும் மட்டும்தான் நடுவில்.

யூசுப் முளை அடிக்கும் சுத்தியலை எடுத்தார். புடைப்பின்மேல் ஓங்கி ஒரு அடி.

சதை. சதையில் விழுந்த சத்தம்.

புடைப்பு அடங்கியது.

எதுவும் அசையவில்லை.

பிறகு... கூடாரத்துக்கு வெளியே ஒரு முளை தானாகக் கழன்றது.

பொளக்.

அடுத்தது.

பொளக்... பொளக்...

"ஓடு!" என்றார் யூசுப்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். செருப்பு இல்லை. ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால்வரை பதிந்தது. புல் காலை விடவில்லை. உறிஞ்சியது. பின்னால் கித்தான் கிழிகிற சத்தம். பிறகு மெல்லுகிற சத்தம். வாய் நிறையச் சோற்றைப் போட்டு, வாயைத் திறந்தபடி மெல்லுவார்களே... அது.

லாந்தர் வெளிச்சம் கீழே இறங்கியது.

அணைந்தது.

வீட்டுக் கதவை இடித்தோம். திறக்கவில்லை. ஜன்னல்தான் திறந்தது. காளியாயி.

"காலு ஈரமா இருக்குதுங்களா?"

"கதவைத் திறங்கம்மா! பிள்ளை இருக்குது!"

"ஈரக்காலோட உள்ள வந்துராதீங்க சாமி... பொறகாலயே வந்துரும்." அவள் அழுதுகொண்டே அடுப்புச் சாம்பலை ஜன்னல் கம்பி வழியாக அள்ளி அள்ளி வீசினாள். "தேச்சுக்கிட்டு ஓடுங்க. பாப்பாவ மட்டும் கீழ விட்டுராதீங்க."

இருட்டுக்குள்ளிருந்து மாதப்பன் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல். கெஞ்சுகிற குரல்.

"போகாதீங்க... ஒரு ராத்திரிதானுங்களே..."

சாம்பலைத் தேய்த்துக்கொண்டு வேனுக்கு ஓடினோம். பனியில் எப்படி ஓட்டி வந்தார் என்று யூசுப்புக்கே இன்றுவரை தெரியாது.

ஜாபர் அலி வீட்டில் அவர் மனைவி ரஹமத் பீவி வெந்நீர் வைத்து ஷமீமாவின் காலைக் கழுவினார். பாதி கழுவும்போது கையை எடுத்துவிட்டார். "ஜரீனா... இங்க பாரேன்."

உள்ளங்காலில் ஒரு ரேகையும் இல்லை. மடிப்பு இல்லை. தோலுரித்த அவித்த முட்டை போல வழவழவென்று இருந்தது. எலும்பு தேய்ந்த மாதிரி, சுண்டுவிரல்களும் சிறுத்திருந்தன. குழந்தைக்கு வலி எதுவும் இல்லை. "கூசுது" என்று மட்டும் தூக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ரேகை இன்றுவரை திரும்பி வரவில்லை. அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. வீட்டுக்குள்கூடச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறாள்.

எனக்கு? சேலம் வந்த பிறகும் பத்து நாள் சோறு இறங்கவில்லை. பிசைந்த சோற்றைப் பார்த்தாலே அந்தச் சத்தம் கேட்கும். யூசுப் கூடார யோசனையைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் ஜாபர் அலி சேலம் வந்தார். மாதப்பனிடம் நேரில் கேட்டுவிட வேண்டும் என்று அவர் ஒரு நாள் பகலில் போயிருக்கிறார். முதலில் வாழவந்தியில் விசாரித்திருக்கிறார். அந்த இடத்தில் முன்பு மாதப்பனின் மாட்டுக்கொட்டகை இருந்ததாம். ஒரு மழைக்காலத்தில் கொட்டகையும் இல்லை, மாடுகளும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. வெளியூர் ஆட்கள் மாதப்பன் பின்னால் அந்தப் பாதையில் போனதை ரோட்டிலிருந்து பார்த்தவர்கள் உண்டு. கிளம்பிப் போனதைப் பார்த்தவர்கள் இல்லை. கேட்டால், விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க என்பாராம் மாதப்பன்.

ஜாபர் அலி ஒற்றையடிப் பாதையில் போய்ப் பார்த்திருக்கிறார்.

வீடு இல்லை.

இடிந்து கிடக்கவில்லை. ஒரு ஓடு இல்லை. ஒரு கல் இல்லை. அஸ்திவாரம் இருந்த அடையாளம்கூட இல்லை. காபிச் செடிவரைக்கும் சமமாக, சுத்தமாக, பச்சைப் புல். மழை இல்லாத வெயிலில் ஈரமாக மின்னியதாம்.

மாதப்பன் பாதையோரம் ஒரு கல்லின்மேல், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"காளியாயி எங்கீங்க?" என்று கேட்டிருக்கிறார் ஜாபர் அலி.

மாதப்பன் புல்லைக் காட்டினாராம்.

"படுத்திருக்கறாளுங்க."

அதற்குமேல் ஜாபர் அலி அங்கே நிற்கவில்லை. திரும்பி நடந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து மாதப்பன் கூப்பிட்டுச் சொன்னாராம்:

"ஏனுங்க... சீசனுக்கு ஆளுங்க வந்தா அனுப்பி வையுங்க. இப்ப இடம் நொம்பப் பெருசாயிருச்சுங்க."