தீருவிலிருந்து ஒரு கடிதம்

நேசராஜா அண்ணையோடு வாதாடித் தோற்றவர்கள் டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்தில் ஆறு பேர் இருந்தோம். 1986ஆம் ஆண்டில் அந்த ஊரில் இருந்த தமிழர்களே பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிட வேண்டாம். அண்ணை அச்சுவேலிக்காரர். யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் தபாற் கந்தோரில் கடிதம் தரம் பிரித்தவர். மேல்விலாசத்தை எவன் எவ்வளவு கோணலாக எழுதியிருந்தாலும், அது எந்தக் குறிச்சிக்குப் போக வேண்டிய கடிதம் என்று சொல்லிவிடுவாராம். டென்மார்க்கில் அவருக்குக் காலையில் மொழிப் பள்ளி, பின்னேரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை பெந்தெகொஸ்தே சபை. மனைவி இன்னும் யாழ்ப்பாணத்தில்.

நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி. என் பெயர் சிவானந்தன். பிறப்பால் சைவன், மற்றபடி எதையும் நம்பாதவன். ஊரில் கணக்குப் படிப்பித்தேன். எனக்கு எப்படியாவது ஞானஸ்நானம் கொடுப்பித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அன்பாகச் சொல்லிப் பார்த்தார், பாட்டுப் பாடிப் பார்த்தார். நான் அசையவில்லை. கடைசியில் என் வழிக்கே இறங்கி ஆதாரம் காட்டத் தொடங்கினார்.

அவருடைய முதல்தர ஆதாரம் தீரு பட்டணம். மத்தியதரைக் கடலோரத்தில் கப்பலும் வியாபாரமும் செருக்குமாக இருந்த ஊர். அது வெறும் பாறையாகப் போகும், வலை விரிக்கிற இடமாகும், பிறகு ஒருகாலமும் கட்டப்படாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னமே சொல்லிவிட்டாராம். சொன்னபடியே நடந்ததாம். இன்றைக்கு அங்கே ஒரு குடிசைகூட இல்லையாம். இந்தக் கடைசிச் சங்கதியை அவர் யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் படித்திருந்தார்.

"தம்பி, நீர் கணக்கு வாத்தியார். இது தற்செயலா நடக்கிற காரியமோ, சொல்லும் பாப்பம்."

"நீங்கள் அங்கை போய்ப் பாத்தனீங்களோ?"

"நான் ஏன் போவான்? நான் தபால்காரன். ஊர் ஒண்டு இருந்தால் அங்கையிருந்து கடிதம் வரும். தீருவிலையிருந்து ஒரு கடிதம் கொண்டு வாரும். அண்டைக்கே இந்த வேதத்தை மூடி உம்மடை கையிலை தந்திடுறன். பிறகு சாகும்வரை தொடமாட்டன்."

சொன்னால் சொன்னதுதான் அந்த மனிதருக்கு. அதனால்தான் நானும் தோற்றவர்கள் கணக்கில் சேர்ந்தேன். தீருவிலிருந்து எனக்கு யார் கடிதம் போடப்போகிறார்கள்?

அந்த ஒக்டோபரில் சபைப் போதகர் அவரைக் கூப்பிட்டு, நவம்பர் முதல் ஞாயிறு நீங்களே பிரசங்கம் செய்யுங்கள் என்றார். டேனிஷ்காரர் முன்னால், டேனிஷ் மொழியில். அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. எதைப் பேசுவது என்று யோசிக்கக்கூட இல்லை, தீருதான். டேனிஷ் வேதாகமத்தில் அதற்கு 'தீருஸ்' என்று பெயர். குசினி மேசையில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு தினமும் நாலு வரி எழுதுவார். தீருஸ் பாறை, தீருஸ் பாறை என்று சோறு வடிக்கும்போதும் சொல்லிப் பழகுவார்.

மொழிப் பள்ளியில் எங்கள் வகுப்பில் நயீப் என்று ஒருவன் இருந்தான். லெபனானிலிருந்து வந்த அகதி, மீசை வைத்த பெரிய உடம்பு. முதல் நாள் எல்லோரும் ஊர்ப் பெயர் சொன்னபோது அவன் 'சூர்' என்றான். நேசராஜா அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். தமிழ் வேதாகமத்தில் சூர் என்பது ஒரு வனாந்தரம். மோசே செங்கடலைத் தாண்டி ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று நாள் தண்ணீரில்லாமல் அலைந்த இடம். அந்த வனாந்தரத்து மனிதனே பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அண்ணைக்குப் புல்லரித்துப்போனது.

"உங்கள் ஊரில் தண்ணீர் இருக்கிறதா?" என்று தனக்குத் தெரிந்த டேனிஷில் கவலையோடு கேட்டார்.

"தண்ணீரா? நிறைய!" என்று நயீப் இரண்டு கையையும் அகல விரித்தான்.

கர்த்தர் வனாந்தரத்தில் ஊற்றுக்களைத் திறந்துவிட்டார் என்று அண்ணை வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கம் சொன்னார். அன்று முதல் இடைவேளைகளில் நயீப்புக்கு முதல் கோப்பித் தண்ணி அவர் கையால்தான். பிரசங்கத்துக்கும் அழைத்துவிட்டார். அவன் முஸ்லிம் என்பது இரண்டு பேருக்குமே ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை.

பிரசங்கத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது நயீப்புக்குத் தாயிடமிருந்து கடிதம் வந்தது. நான்கு மாதம் எங்கெங்கோ அலைந்து வந்த கடிதம். சந்தோஷத்தில் அவன் உறையை அண்ணையிடம் நீட்டி, முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். அண்ணை முத்திரையைப் பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் அதன்மேல் குத்தியிருந்த வட்டத் தபால் சீலைத்தான் வாசித்தார். மேலே அரபு எழுத்து. கீழே TYR, ரி, வை, ஆர் என்று மூன்று ஆங்கில எழுத்து.

"தீருஸ்?" என்று கேட்டார்.

"ஓம், ஓம். நாங்கள் சூர் என்போம். நீங்கள் தீருஸ்."

அம்மா மூன்றாம் மாடியில் இருக்கிறா, கீழே பேக்கரி, எதிரே பள்ளிக்கூடம், நாலு வருடத்துக்கு முன் குண்டு விழுந்து ஒரு பக்கச் சுவர் போனது, திரும்பக் கட்டினோம் என்று நயீப் படம் கீறியே காட்டினான். திரும்பக் கட்டினோம் என்பதை மட்டும் அண்ணை இரண்டு தரம் கேட்டார். பிறகு, "வலை? மீன் வலை?" என்றார். துறைமுகத்தில் காயப்போட்டிருப்பார்கள் என்று அவன் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வலை எங்கடை மயிலிட்டிக் கரையிலையும் காயுது அண்ணை," என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இராது.

வீட்டுக்கு வந்ததும் தன் தமிழ் வேதாகமத்தைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார். "சொன்னனான். தந்திட்டன்," என்றார். டேனிஷ் வேதாகமத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று சுட்டிக்காட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையும் கொண்டுவந்து மேலே வைத்தார்.

முதல் நாள் எனக்குத் துள்ளலாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் அவர் ஜெபம் பண்ணாமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கோப்பை கழுவும்போது பாடவில்லை. அந்தப் பாட்டை ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். இப்போது அது இல்லாமல் குசினியில் இருக்க முடியவில்லை.

வேறு வேலையில்லாமல் புத்தகத்தைத் திறந்தேன். வென்றவனுக்கு இன்னும் வெல்ல ஆசை என்பதும் ஒரு காரணம். தீரு அழியும் என்ற இடத்திலிருந்து மூன்று அதிகாரம் தள்ளி வாசித்தவன் குசினிக்கு ஓடினேன். தீருவை அழிக்கப் போவதாகச் சொல்லப்பட்ட அதே பாபிலோன் ராஜாவின் படை அந்த ஊருக்கு எதிராகத் தலைமயிர் உதிர, தோள் உரிய உழைத்தும் ஒரு கூலியும் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக எகிப்தைக் கொடுக்கிறேன் என்று அதே எசேக்கியேலின் வாயாலேயே வருகிறது.

அண்ணை துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தார். "இதை நான் நூறு தரம் வாசிச்சிருப்பன். ஆனால் அதுக்குப் பக்கத்திலை இதை வைச்சுப் பாக்கேல்லை." கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவராகவே, "எசேக்கியேலுக்கு அறுநூறு வருசம் பிந்தி, அப்போஸ்தலன் பவுலும் தீருவிலை ஏழு நாள் நிண்டவர். பாறையிலை ஆருடைய வீட்டிலை நிண்டிருப்பார்?" என்றார். அவர் கண்ணில் அந்தத் தபால்காரனைக் கண்டேன், மேல்விலாசம் பிழைத்த கடிதத்தைக் கையில் வைத்திருப்பவனை.

அதன் பிறகு தினமும் ஐந்து மணிக்கு, வேலை முடிந்து வந்ததும், "இண்டைக்கு என்ன கண்டுபிடிச்சீர்?" என்பார். தொடமாட்டேன் என்று சொன்னவர் தொடவே இல்லை. ஒரு சைவன் உரத்து வாசிக்க, ஒரு பெந்தெகொஸ்தேகாரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். போதகரிடமும் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். இருநூற்றைம்பது வருடம் கழித்து கிரேக்க ராஜா ஒருவன் வந்து, பழைய ஊரின் கற்களைக் கடலில் கொட்டிப் பாதை போட்டு, தீவில் இருந்த தீருவைப் பிடித்தான், அதுதான் நிறைவேறுதல் என்றாராம் போதகர்.

"அதுக்குப் பிறகும் ஊர் இருந்ததுதானே அண்ணை? திரும்பக் கட்டப்படாது எண்டு எழுதியிருக்கு."

"பழைய ஊரைச் சொல்லியிருப்பாரோ?"

"பத்தடி தள்ளிக் கட்டினால் வேறை ஊரோ?"

"பாதியெண்டாலும் சரிவந்திருக்கே?"

"பாதிக்குப் பாதிப் புள்ளி போடலாம்."

சிரித்தார். அந்தக் கிழமையின் முதல் சிரிப்பு அது.

பிரசங்கத்துக்கு முதல் நாள் பின்னேரம், சின்னதாக இருக்கிறதே என்று யோனாவின் புத்தகத்தை எடுத்தேன். நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று யோனா சொல்கிறார். ஜனங்கள் மனம் திரும்புகிறார்கள். ஊர் தப்புகிறது. சொன்னது நடக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டு யோனா ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கிறார். "பாருங்கோ, இதுவும் நடக்கேல்லை," என்று நான் உற்சாகமாகத் தலையை நிமிர்த்தினேன்.

"நிப்பாட்டும்," என்றார். முகம் கறுத்திருந்தது. "நயீப் அந்த வீட்டைக் கீறிக் காட்டேக்கை எனக்கு என்ன வந்தது தெரியுமோ? கவலை. ஒரு தாய் உயிரோடை இருக்கிற வீடு. அது ஏன் இடிஞ்சுபோகேல்லை எண்டு கவலைப்பட்டனான்."

எனக்கும் வெட்கமாக இருந்தது. அந்த வீடு நிற்கிறதென்று நான் சந்தோஷப்பட்டதும் அந்தத் தாய்க்காக இல்லை, என் வாதம் வென்றதற்காக.

ஞாயிறு பதினொரு மணிக்கு அவர் பிரசங்க மேடையில் ஏறினார். நானும் நயீப்பும் மூன்றாம் வரிசை வாங்கில் இருந்தோம். நாள்கணக்காக எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பேசியது இவ்வளவுதான்: "தீருஸ் வெறும் பாறை என்று சொல்ல வந்தேன். அது பாறை இல்லை. அங்கே என் நண்பனின் அம்மா மூன்றாம் மாடியில் இருக்கிறா. அப்படியானால் ஏன் அப்படி எழுதியிருக்கிறது? எனக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அந்த வீடு நிற்க வேண்டும் என்று ஜெபிப்போம்."

போதகரின் காது சிவந்தது. ஆனாலும் முதலில் தலை குனிந்தவர் அவர்தான். நானும் குனிந்தேன். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டேன்.

நான் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. வேதாகமத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவுமில்லை. "சொன்னது சொன்னதுதான். நீர் வாசியும், நான் கேக்கிறன்," என்றார். அவர் விபோர்க் நகரத்துக்கு வீடு மாறிப் போகும்வரை மூன்று வருடம் அப்படித்தான் வாசித்தோம்.

அந்தப் பிரசங்க ஞாயிறு, ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும்போது நயீப் அண்ணையின் தோளில் கையை வைத்தான். எங்கள் ஊர்க் குண்டுவீச்சுச் செய்திகளை அவனும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

"உங்கள் யாழ்ப்பாணம்? அங்கே ஆட்கள் இருக்கிறார்களா?"

அண்ணை கோப்பையை வைத்துவிட்டு, உள் பையிலிருந்து மனைவியின் ஆகாயக் கடிதத்தை எடுத்தார். எழுத்தைக் காட்டவில்லை. மேலே குத்தியிருந்த தபால் சீலைக் காட்டினார். "பார், யாழ்ப்பாணம். ஒருவர் அங்கே இருந்து இதைக் குத்தியிருக்கிறார்."

நயீப் சந்தோஷமாகத் தலையை ஆட்டினான். சீலில் இருந்த திகதி ஆறு கிழமைக்கு முந்தியது. அதை நானும் பார்த்தேன், அண்ணையும் பார்த்தார். அவனுக்கு நாங்கள் அதை வாசித்துக் காட்டவில்லை.