நான் தடுக்கி விழவில்லை

2005, சித்திரை மாதம். மரக்காணம் உப்பளத்தில் வேலை முடிந்து, நானும் என்னோடு உப்பு சுமக்கும் தோழியும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். தார் கொதித்தது. சைக்கிள் பஞ்சர் என்பதால் தள்ளிக்கொண்டு வந்தேன். ஹாரன் சத்தம்கூடக் கேட்கவில்லை. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண்ணைத் திறந்து பார்த்தால், என் வலது கால் முழங்காலுக்குக் கீழே யாருடைய காலோ மாதிரித் திரும்பிக் கிடந்தது. இடித்துவிட்டு நிற்காமல் போனது எங்கள் அளத்தில் உப்பு ஏற்றுகிற லாரிதான். தினமும் பார்க்கிற வண்டி. நம்பர் எனக்கு மனப்பாடம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. முதலாளியின் கணக்குப்பிள்ளை இறங்கினார். அளமும் லாரியும் ஒரே முதலாளிக்குத்தான் சொந்தம். கணக்குப்பிள்ளை என் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தார். “பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல” என்றார். தோழி என் வீட்டுக்குச் சொல்ல ஓடினாள். காரின் சீட்டெல்லாம் ரத்தமாகிறதே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. வழியெல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டபடியே போனேன். வாழ்க்கையில் நான் திருப்பி வாங்க ஆசைப்படுவது அந்தக் கும்பிடு ஒன்றைத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விபத்துப் பதிவேட்டைத் திறந்து, எப்படி அடிபட்டது என்று கேட்டார். என்னிடம் இல்லை, கணக்குப்பிள்ளையிடம்.

“சைக்கிள்ல வரும்போது தடுக்கித் தானா விழுந்துட்டாங்க சார். பாவமேன்னு நான்தான் தூக்கிட்டு வந்தேன்.”

எனக்கு வலியே மறந்துபோனது. “நான் விழல! லாரி இடிச்சிது! இவங்க லாரிதான்!” என்று கத்தினேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “வலியில ஒளர்றாங்க சார்” என்றார்.

ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “கால்தான் சார் உடைஞ்சிருக்குது. புத்தி நல்லாத்தான் இருக்குது. என்னைக் கேட்டு எழுதுங்க” என்றேன். லாரி நம்பரையும் சொன்னேன். டாக்டர் அந்த ஆளை வெளியே போகச் சொல்லிவிட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதினார். போலீசுக்கும் தகவல் அனுப்பினார்.

அதோடு விட்டார்களா? ஆபரேஷன் முடிந்து, காலில் கம்பி வைத்துக் கட்டோடு படுத்திருந்தேன். அதே கணக்குப்பிள்ளை ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார். கூடவே என் கொழுந்தனார்.

“ஆஸ்பத்திரி செலவு பாத்துக்கறேன்னு முதலாளி சொல்லிட்டாரு அண்ணி. ஒரு கைநாட்டு வெச்சிடுங்க. நாளைக்கு அந்த அளத்துக்குத்தான வேலைக்குப் போவணும்?” என்றார் கொழுந்தனார். என் வீட்டுக்காரர் கட்டில் கால்மாட்டில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணக்குப்பிள்ளை பத்திரத்தை என் வயிற்றின்மேல் விரித்து, மைப்பெட்டியைத் திறந்து, என் கட்டை விரலைப் பிடித்தார். உப்பு சுமக்கிறவளுக்குப் படிக்கத் தெரியாது என்று எவன் சொன்னான்? எட்டாவது வரை படித்தவள் நான். கையை உதறிவிட்டு, பத்திரத்தை எடுத்து வார்டு முழுக்கக் கேட்கும்படி படித்தேன். நான் சாலையைக் கவனிக்காமல் லாரிக்குக் குறுக்கே ஓடினேனாம். தவறு முழுவதும் என்னுடையதாம். பிற்காலத்தில் எந்த வழக்கும் தொடர மாட்டேனாம். அன்றைக்குத் தானாக விழுந்தேன், இன்றைக்குக் குறுக்கே ஓடினேன். ஒரு காலுக்கு எத்தனை கதை!

அப்போதுதான் என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். “டேய், ஓரமாத்தான் வந்தாங்கன்னு கூட வந்த பொண்ணு சொல்லுதே?” என்று தம்பியைக் கேட்டார்.

கணக்குப்பிள்ளை பத்திரத்தைப் பிடுங்கக் கை நீட்டினார். நான் அதை முதுகுக்குக் கீழே தள்ளி, மேலேயே படுத்துக்கொண்டேன். “இப்ப எடுங்க பாக்கலாம்” என்றேன். எதிர்க் கட்டில் அம்மா நர்ஸைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். மைப்பெட்டியை மறந்துவிட்டு ஓடினார் அந்தப் பெரிய மனிதர்.

போலீஸ் விசாரணையில்தான் தெரிந்தது, அன்று வண்டி ஓட்டியவனுக்கு லைசென்ஸே கிடையாது. இன்சூரன்ஸில் சிக்கல் வந்து எல்லாம் தன் தலையில் விழும் என்ற பயம் முதலாளிக்கு. அதற்காக என் காலையும் வாங்கி, பழியையும் என் மேலேயே போடப் பார்த்தார்கள்.

அதன்பிறகு அந்த அளத்தில் எனக்கும், அங்கேயே வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை. ‘நான் எதையும் பார்க்கவில்லை’ என்று சொல்லும்படி என் தோழியையும் மிரட்டினார்கள். “பாத்தத பாத்தேன்னுதான் சொல்லுவேன்” என்று நான் போட்ட நஷ்டஈடு வழக்கில் திண்டிவனம் கோர்ட் கூண்டில் ஏறி நின்று சொன்னாள். அவளுக்கும் வேலை போயிற்று. பிரம்மதேசம் பக்கம் நாற்று நடப் போனாள். 2006 கடைசியில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. டாக்டர் எழுதிய பதிவும், நான் மேலே படுத்துக் காப்பாற்றிய பத்திரமும், தோழியின் சாட்சியும் இல்லையென்றால் ஒன்றும் நடந்திருக்காது என்றார் வக்கீல். நஷ்டஈடு வந்தது. கால் பழையபடி வரவில்லை. ஒரு கூடை உப்பைக்கூட இனி என்னால் தூக்க முடியாது.

‘என்ன இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாரே, அதற்காவது நன்றி வேண்டாமா’ என்று சிலர் இன்றைக்கும் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் பேசுவதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் யாருக்கு அடிபட்டாலும், நொண்டிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன். “எப்படி அடிபட்டுதுன்னு டாக்டர்கிட்ட நீயே வாயத் தொறந்து சொல்லு. படிச்சிப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத” என்று சொல்வேன். சொல்லும்போதே குரல் உயர்ந்துவிடும். மெதுவாகப் பேசும்மா என்பார்கள் நர்ஸுகள். என் உடம்புக்கு நடந்ததை, என் தலைமாட்டிலேயே நின்று இன்னொருவர் மாற்றிச் சொன்ன அந்த நாளிலிருந்து, மெதுவாகப் பேசுவது மட்டும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.