டிக்கிக்குள் மாட்டிய தாலி

என் தம்பியின் கல்யாணம் பெண்ணின் ஊரான ஸ்ரீவைகுண்டத்தில். எங்கள் ஊர் பேட்டையிலிருந்து மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு எங்கள் அம்பாசிடரில் போனோம். தாலித் தட்டை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் என் கணவர். பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

மண்டப வாசலில் இறங்கி, டிக்கியைத் திறக்கும் அவசரத்தில் சாவியை ஓங்கித் திருகினேன். பாதி பூட்டுக்குள்ளேயே ஒடிந்துவிட்டது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"ஏட்டி, மடியில வச்சுக்கோன்னு சொன்னேம்லா!" என்று சத்தம் போட்டபடியே கணவர் பின்சீட்டின் சாய்மானத்தைக் கழற்றினார். அதன் பின்னால் டிக்கிக்குள் போக ஒரு சந்து இருந்தது. அதில் நுழையக்கூடிய ஒல்லி எங்களில் மாப்பிள்ளை மட்டும்தான்!

"அழாதக்கா, நான் பைய உள்ள நொழஞ்சு எடுத்துட்டு வாரேன்" என்று மாலையை என்னிடம் கழற்றித் தந்துவிட்டு, பட்டு வேட்டியோடு தவழ்ந்துபோய்த் தட்டை எடுத்து வந்தான் தம்பி.

அவன் தாலி கட்டியதும் நாத்தனார் முடிச்சுப் போட நான் குனிந்தேன். "மதினி, இவுக கன்னத்துல என்ன கிரீஸு?" என்று மெதுவாகக் கேட்டாள் மணப்பெண். நான் பதில் சொல்வதற்குள் கூறைச்சேலை முந்தானையால் அவளே துடைத்துவிட்டாள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் தாலித் தட்டு என் மடியை விட்டு இறங்காது. அந்த முந்தானையில் கறை இன்னும் போகவில்லை. போக விடவும் மாட்டாள் போலிருக்கிறது, என் தம்பி மனைவி.