பூட்டுக்குத் தெரியாத விரல்

என் கணவர் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் எங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பில்லை என்று கண்டுபிடித்தார். இருபத்திரண்டு வருடமாக அதே வீட்டில் கதவைச் சாத்த மறந்துவிட்டுக் குறட்டை விட்டவர்தான். அரசாங்கத் தொழிற்சாலையில் முப்பது வருடம் கேட்டில் அட்டை காட்டி, பையைத் திறந்து காட்டி, விரல் வைத்து உள்ளே போன மனிதர். இனி தன்னைச் சோதிக்க ஆளில்லை என்றதும், வீட்டு வாசலிலேயே ஒரு கேட் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எங்கள் சாவி வாசலில் தொங்கும் ஜெரேனியம் செடித் தகரத்துக்குள் இருக்கும். அது தெருவுக்கே தெரியும். மாவு கடன் வாங்க வருகிறவர்கள் தாங்களே திறந்து எடுத்துக்கொண்டு, சாவியைத் திரும்ப வைக்கும்போது செடிக்குத் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போவார்கள். இதைவிட நல்ல ஏற்பாடு எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது என் கட்சி. அவர் கீழ்த்தெருவில் ஒரு வீட்டுக்குள் எண்ணெய் குடிக்க வந்த கரடியைச் சாட்சிக்கு இழுத்தார். கரடி ஜன்னலை உடைத்துத்தான் வந்தது, கதவுப் பக்கமே போகவில்லை என்றேன். மூன்று வாரம் கைபேசியில் பூட்டுகளாகவே பார்த்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அவ்வளவு மெனக்கெட்டதாக நான் கேள்விப்படவில்லை.

முகத்தைப் பார்த்துத் திறக்கும் பூட்டுதான் முதலில் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் வருடத்தில் பத்து மாதம் குரங்குக் குல்லாவுக்குள் மூக்கு மட்டும் தெரிய நடமாடும் ஊரில், அது யாருடைய முகத்தைக் கண்டது? கடைசியில் விரல் வைத்தாலோ நம்பர் அமுக்கினாலோ திறக்கும் ஒன்றை வாங்கினார். மாட்டுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்தார். ஸ்வெட்டர் கொண்டுவராமல் நடுங்கினார். என்னுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு, மழையில் ஊறிப் புடைத்திருந்த எங்கள் கதவை அரை நாள் இழைத்தார். அது வரைக்கும் முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கவும் மூடவும் முடிந்த கதவு. இப்போது ஹோட்டல் கதவு போலப் பூவாகச் சாத்திக்கொண்டது. அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஒரு ஏக்கர் தேயிலையில் அப்போது கொழுந்தும் அதிகம் இல்லை. வெந்நீரில் கை கழுவி, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, நான்காவது தடவையில் என் வலது ஆள்காட்டி விரலைப் பூட்டு ஏற்றுக்கொண்டது. அவர் பத்து விரலையும் பதித்துக்கொண்டார். நம்பரை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்துவிடுமாம். அது உண்மைதான். அவசரத்துக்கு என்று கொடுத்த இரும்புச் சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். வீட்டுக்கு உள்ளே இருக்கும் பீரோ.

ஐப்பசி மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. கையால் பறிக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் விரல் நம்முடையதாக இருக்காது. கறை ஏறிக் கறுத்து, நுனி வெடித்து, ரேகை தேய்ந்து போகும். ரேஷன் கடை மெஷினும் என் விரலைப் பார்த்தால் யோசிக்கும். அங்கே கண்ணைக் காட்டிச் சமாளித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை விரலைக் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை விரலோடு வந்தால் பூட்டு என்ன செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அன்று அவர் பென்ஷனுக்காக லைஃப் சர்டிபிகேட் கொடுக்கக் குன்னூர் போயிருந்தார். நான் மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்தேன். நல்ல மழை. இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் வழிந்தது. விரல் வைத்தேன். "ட்ரை அகெய்ன்" என்றாள் பூட்டுக்குள் இருக்கும் இங்கிலீஷ்காரி. துடைத்து வைத்தேன். பாவாடையில் தேய்த்து வைத்தேன். ஐந்தாவது தடவை சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கோபத்தில் பழைய ஞாபகத்தில் முழங்காலால் ஒரு இடி கொடுத்தேன். எனக்குத்தான் வலித்தது. கைபேசி உள்ளே சார்ஜில் கிடந்தது. சிறிது நேரம் கழித்து விளக்கு அணைந்ததும் மறுபடி ஐந்து தடவை. மறுபடி சிவப்பு.

ஒண்டுவதற்குப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. என் வீட்டுக்குள் என்னை விடவில்லை என்று போய்ச் சொல்ல வாய் வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். திருட்டுக்கு வந்தவள் போல இருந்தது.

மூன்றரை மணிக்கு அவர் வந்தார். என்னைத் தாண்டிக் கட்டைவிரலை வைத்தார். "வெல்கம்" என்று கதவு திறந்தது.

"வெரலச் சரியா வெச்சிருக்க மாட்டே புள்ள," என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க, இந்த ஊட்டுக்கு அஸ்திவாரம் போட்டது எந்தக் காசுலீங்க?"

"கொழுந்துக் காசுல," என்றார். பிறகு என் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் அதை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

அடுப்படியில் டீ குடிக்கும்போது தன் கதையைச் சொன்னார். குன்னூரில் அவருடைய விரலும் மூன்று முறை மெஷினில் விழவில்லையாம். மெஷினோடு உட்கார்ந்திருந்த ஆள் நிமிர்ந்து பார்த்த பார்வையில், தான் செத்துப்போய்விட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே பூட்டின் முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று, உனக்கு எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டார். டீ ஃபேக்டரியில் கொழுந்து போடும் என் நம்பரைச் சொன்னேன். கொழுந்துக் கணக்குப் புத்தகம் அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து என் பேரில்தான் இருக்கிறது.

"அது சாக்குல பெயிண்டுல எழுதியிருக்குதே புள்ள. ஊருக்கே தெரியும்."

"தெரியுமுங்க."

அவருடைய விரல் அந்தரத்திலேயே நின்றது. பிறகு ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார்.

மறுநாள் அவர் பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, கறுத்த விரலாலேயே நான்கு எண்ணை அமுக்கினேன். "வெல்கம்" என்றாள். அடுப்படியில் தோசை மாவு பாதி குறைந்திருந்தது. வெளியே வந்து பார்த்தேன். ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.