கப்பல் வந்தால் வகுப்பு இல்லை

கப்பல் பட்டறையில் திட்டப் பிரிவுக்காரன் என்றால், அடுத்தவன் கப்பல் என்றைக்குப் புறப்படும் என்று நாள் குறிப்பவன். புறப்படாதபோது காரணம் சொல்பவனும் அவனே. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜூரோங் தொழிற்பேட்டையில் எனக்கு அந்த வேலை. ஊர்ப்பட்ட கப்பலுக்கெல்லாம் நாள் குறித்தேன். ஆனால் முதுகலைப் படிப்பை மாலை வகுப்பில் போய்ப் படிப்பதா, தபாலில் வரவழைத்துப் படிப்பதா என்று முடிவு செய்ய எனக்கு ஒரு வருஷம் போதவில்லை. வேலையையும் விட முடியாமல் படிப்பையும் விட முடியாமல் தவித்தவர்கள் உங்களில் இருந்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் கதைதான் இது.

மேலதிகாரியின் ஆசி

எங்களுக்கு மேலே நேற்றுப் படித்து முடித்த இளைஞர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். முதுகலைப் பட்டம் இல்லாவிட்டால், இருக்கும் நாற்காலியிலேயே தலை நரைக்க வேண்டியதுதான். பயந்துபோய் என் மேலதிகாரி அருளப்பனிடம் போய் நின்றேன்.

பிரிவில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர். பழுதுபார்க்க டாக்கில் கப்பல் ஏறிவிட்டால், அது மறுபடி தண்ணீரில் இறங்கும்வரை எங்களில் ஒருவர் மாலையிலும் இருந்தாக வேண்டும் என்பது பட்டறை வழக்கம். டாக் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அருளப்பன் எழுந்து என் கையைக் குலுக்கினார். "தாராளமா படி சேவியர். கப்பல் வந்தா மட்டும் படிக்காதே."

தபாலின் பெருமை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிராங்கூன் சாலையில் காப்பி குடிக்கும்போது கனகசபையைப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் தலைமை குமாஸ்தா. வெளிநாட்டிலிருந்து தபாலில் பாடம் வரவழைப்பவர். சவரம் செய்ய வேண்டாம், கட்டிய சாரத்தோடு உட்கார்ந்து படிக்கலாம், வாத்தியார் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதில் நான் மயங்கிவிட்டேன். பாடங்களைப் பார்க்க அவர் வீட்டுக்கே போனேன்.

கப்பல் தபாலில் வந்த பாடப் பொட்டலங்கள் கட்டிய கயிறு அவிழாமல் அலமாரி மேல் வரிசையாக இருந்தன. இரண்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தன. தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி, என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டார். "ரிட்டயர் பண்ணின பிறகு ஆறுதலாப் படிக்கப் போறாராம். ஒண்டையும் எறிய விடுறாரில்லை."

ஸ்டெல்லா பார்த்த அட்டவணை

பழக்க தோஷம், எங்கள் பிடோக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வழிக்கும் கலர் பென்சிலில் அட்டவணை போட்டேன். பயண நேரம், ஓவர்டைம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் தபால்தான் வென்றது. வென்ற பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் என்னவென்றால், என் பி.ஏ.வே தபாலில் வாங்கியது. தேர்வுக் கூடத்தைத் தவிர எந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் நான் உட்கார்ந்ததில்லை. ஒரு தடவையாவது வகுப்பில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேனா கடன் வாங்கிப் படிக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. இந்த வயதில் அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. நான் சொல்லாமலே என் மனைவி ஸ்டெல்லா அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "பஸ்ஸில போறப்ப கேம்பஸ் வந்தா ஜன்னல் பக்கம் மாறி உக்காருவீங்களே, அத எங்க போட்டிருக்கீங்க?"

மறுநாளே மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

ஹார்ன் சத்தம்

ஜூரோங் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் எல்லோரும் தூங்கிவிடுவோம். இறங்கும் இடம் வந்தால் ஓட்டுநர் இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். அதற்கு மட்டும் விழிப்பு வரும். எழுந்து பையை எடுத்துக்கொண்டு கதவருகே வரிசையில் நிற்போம்.

ஆசைப்பட்டுச் சேர்ந்த வகுப்பில், முதல் வாரமே, அருளப்பன் கப்பலைப் பார்த்துக்கொண்ட ஒரு மாலையில், நான் தூங்கிப்போனேன். வெளியே யாரோ காரில் இரண்டு தடவை ஹார்ன் அடித்திருக்கிறார்கள். கண் விழித்தபோது பையும் கையுமாகக் கதவருகே நின்றிருந்தேன். விரிவுரையாளர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்சிலிங்கிலிருந்து படிக்க வரும் பள்ளி ஆசிரியை ஒருத்தி, அண்ணன் ஜூரோங்கில் வேலை பார்ப்பவள், என் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். "உக்காருங்க சார், உங்க ஸ்டாப் இன்னும் வரலை."

பின் வரிசை

அடுத்த பருவத்தில் ஒரு நாள் டாக்கில் பெரிய எண்ணெய்க் கப்பல். கப்பல்காரர்களோடு இன்றைக்கு எனக்கு விருந்து, நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அருளப்பன் சீக்கிரம் கிளம்பிவிட்டார். அவர் தலை மறைந்ததும், ஃபோர்மேனிடம் இதோ வருகிறேன் என்று சொல்லி நானும் நழுவினேன்.

வகுப்பு பாதி நடக்கையில், புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் குனிந்தபடியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேனா கேட்டார். கொடுக்கத் திரும்பினால் அருளப்பன். இளைஞர்கள் வந்து உட்காரும் பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. பேனா இருவர் கைக்கும் நடுவில் நின்றுவிட்டது. கப்பலை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான்தான் கேட்டேன். "நீ இருக்கேங்கிற தைரியத்துலதானப்பா நான் வந்தேன்."

அன்றிலிருந்து கப்பல் வந்தால் ஒருவர் வகுப்புக்குப் போவது, மற்றவருக்குப் பாடக் குறிப்பை அலுவலகத் தபாலில் அனுப்பிவைப்பது என்று ஒப்பந்தம் ஆகிவிட்டதால், ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் தேர்ந்தெடுத்த படிப்பு பாதி நேரிலும் பாதி தபாலிலுமாக முடிந்தது.