டீச்சர் உள்ளே இருக்காங்க

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஒரு விக்கி இருக்கிறது. பாடங்களை ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைப்போம். பிள்ளைகள் வீட்டிலிருந்தே போனில் படித்து, தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்ப்பார்கள். அதை உருவாக்கியது இரண்டு பேர். சமூக அறிவியல் எடுக்கும் நான், அறிவியல் எடுத்த டீச்சர்.

முதல் பக்கத்தை நான்தான் வடிவமைத்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்து என்றால் பளபளவென்று இருக்க வேண்டும், அப்போதுதான் அதற்கு மரியாதை என்று எனக்குள் ஒரு எண்ணம். தலைப்பு சிவப்பு, துணைத்தலைப்பு நீலம், சுற்றிலும் பூ பார்டர், நடுவில் பெரிய பாட அட்டவணை. டீச்சர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். பொண்ணு மாப்பிள்ளை போட்டோ மட்டும்தான் பாக்கி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப நீங்களே பண்ணுங்க மேடம்."

"கோவிச்சுக்காதீங்க. பசங்க இதை எதுல பாப்பாங்க? அவங்கப்பா போன்ல. அதுவும் பாதி கண்ணாடி உடைஞ்சிருக்கும். இங்க பாருங்க."

தன் போனில் திறந்து காட்டினார். கணினியில் கம்பீரமாக நின்ற என் அட்டவணை, அதில் வரிக்கு ஓர் எழுத்தாக நொறுங்கிக் கீழே கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அன்றோடு அட்டவணைக்கு முழுக்கு. கரும்பச்சைத் தலைப்பு, வெள்ளைப் பின்னணி, சின்னச் சின்னப் பத்திகள். பூக்களை ஒவ்வொன்றாக நானே அழித்தேன்.

பிறகு ஒரு விபத்து நடந்தது. ஒரே பக்கத்தை ஒரே சாயங்காலம் இருவரும் திறந்து எழுதியிருக்கிறோம். அவருக்குப் பின்னால் நான் சேமித்ததில், அவர் இரண்டு மணி நேரம் எழுதியது காணாமல் போயிற்று. பழைய பதிப்பை மீட்கலாம் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது. மறுநாள் அவர்தான் வழி சொன்னார். எழுதத் தொடங்கும்போது பக்கத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை போட வேண்டும். அதில் 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று எழுத வேண்டும். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இருப்பதே இரண்டு பேர், அதனால் பெயர் தேவைப்படவில்லை.

அந்தப் பட்டை எனக்கு என்னவாக ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரியாது. அவர் வேங்கிக்காலில் வாடகை வீட்டில் இருந்தார், நான் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில். சாயங்காலம் ஏதாவது ஒரு பக்கத்தில் மஞ்சள் தெரிந்தால், அவரும் இந்த நிமிடம் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அங்கே வேலை எதுவும் இருக்காது. ஆனாலும் பட்டை மறையும்வரை பக்கத்தை மூட மாட்டேன். பௌர்ணமி அன்றுதான் கஷ்டம். கிரிவலத்துக்கு வந்த ஜனத்தின் போன்களெல்லாம் சேர்ந்து டவரை அடைத்துவிடும். நான் மாடிக்கும் வாசலுக்கும் நடப்பேன். பாதையோரம் பொரிகடலைக் கடை போட்டிருக்கும் அம்மா சத்தம் போடுவாள்.

"இன்னாடா அந்தப் போனையே பாத்துனு இருக்கிற? கூட்டம் ஜாஸ்தியா இருக்கு, வந்து பொட்டலம் மடி."

"ஸ்கூல் வேலம்மா."

"இருக்கட்டும், இருக்கட்டும். அந்த ஸ்கூல் வேலைய ஒரு நாளு வூட்டுக்குக் கூட்டினு வா."

கூட்டி வரவில்லை. கேட்கவும் இல்லை. கோடை விடுமுறைக் கலந்தாய்வில் அவருக்குத் தெற்கே சொந்த ஊர்ப் பக்கம் இடமாறுதல் கிடைத்தது. சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோதுதான் பார்த்தேன். ஒளியியல் பக்கத்தில் குவிலென்ஸ் வரை எழுதியிருந்தார். குழிலென்ஸ் என்று தலைப்பு இருந்தது, அதன் கீழே ஒன்றுமில்லை. பக்கத்தின் உச்சியில் மஞ்சள் பட்டை. நான் உள்ளே இருக்கிறேன்.

எடுக்க மறந்து போயிருக்கிறார். நான் அதைத் தொடவில்லை. முன்வரிசையில், ஒன்பதாவதில் டீச்சரிடம் படித்த வாயாடிப் பெண் ஒருத்தி உண்டு. வாரம் ஒரு தடவையாவது கேட்பாள்.

"சார், டீச்சர் இன்னும் உள்ளயேதான் இருக்காங்களா?"

"இருக்காங்க, உக்காரு."

"சாப்பாடெல்லாம் யாரு சார் குடுக்கறாங்க?"

வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் இருக்கிறார் என்று அவ்வளவு பேர் நடுவில் சத்தமாகச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கியது. அவர் இடத்துக்கு வந்திருந்த புது அறிவியல் சார் நல்ல மனிதர். "குழிலென்ஸ் இல்லாம பசங்க திண்டாடறாங்க சார். வேற யாரோ எழுதினு இருக்காங்கனுதான் நான் கை வைக்கல. முடிக்கட்டுமா?" என்றார்.

முறை என்று ஒன்று இருக்கிறதே. டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன். 'மேடம், அந்தப் பக்கத்தை எடுத்துக்கலாமா?'

மதியம் பதில் வந்தது. 'எந்தப் பக்கம் சார்?'

விளக்கினேன். 'அய்யய்யோ, இன்னுமா அப்படியே இருக்கு? எடுத்துடுங்க சார். பசங்க எப்படி இருக்காங்க?'

நான் என்னென்னவோ தட்டினேன், அழித்தேன். கடைசியில் 'நல்லா இருக்காங்க மேடம்' என்று மட்டும் அனுப்பினேன்.

கணினி அறையில் உட்கார்ந்து பட்டையை அழித்தேன். ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். கீழே இருந்த எழுத்தெல்லாம் ஒரு வரி மேலே ஏறி நின்றது. சாயங்காலம் வீட்டில் சும்மா திறந்து பார்த்தேன். அதே இடத்தில் மஞ்சள். போட்டது யார் என்று பக்கத்தின் வரலாற்றைத் திறந்தேன். புது சார் எழுதிக்கொண்டிருந்தார். போனை மூடிவிட்டு, அன்று கூட்டம் வராத அமாவாசைதான் என்றாலும், அம்மாவோடு உட்கார்ந்து பொட்டலம் மடித்தேன்.

மறுநாள் வாயாடிப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், குழிலென்ஸ் வந்துடுச்சு. டீச்சர் போயிட்டாங்களா சார்?"

வகுப்பு சிரிக்கக் காத்திருந்தது.

"போயிட்டாங்கம்மா," என்றேன். "புக்க எடு."