ஆளுக்கொரு சோடி

ராசிங்காபுரத்து மாயக்காள் இருபத்தஞ்சு வருசமாக ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கிறாள். மலையாளத்துக்காரர்களோடு அணைத் தகராறு முற்றிய வருசம் மேலே தமிழாட்கள் மேல் கல்லெறி விழுந்தது. தமிழ்ப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுக் காட்டுவழியே போடிமெட்டுக்கு ஓடினார்கள். அடிவாரம் வந்த பிறகுதான் கூட இருந்த அய்யம்மாளைக் காணோம் என்று தெரிந்தது. கால் முறிந்து ஓடையில் கிடந்தவளை மறுநாள் கண்டெடுத்து, தன் வீட்டில் மறைத்து வைத்துக் காப்பாற்றியவள், கூட வேலை பார்த்த மலையாளத்துக்காரி ஏலியாம்மா.

விட்டுவிட்டு வந்த வெட்கம் மாயக்காளை அரித்தது. மறுபடி வேலை தொடங்கியதும் ஏலியாம்மாவோடு பேசி ஒரு ஏற்பாடு செய்தாள். ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு மலையாளப் பெண் சோடி. கலவரமோ மண்சரிவோ, விசில் கேட்டால் சோடியோடு சிலுவைப் பாறை மேட்டுக்கு வந்துவிட வேண்டும். மாதம் ஒருதடவை ஓடியும் பார்த்தார்கள். சூப்பர்வைசர் சிரித்தார்.

போன ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. மத்தியானம், காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மேலே இருந்த ஊற்று திடீரென்று செக்கச்செவேலென்று கலங்கி வந்தது. மண் சரியப் போகிற அறிகுறி. மாயக்காள் விசிலை எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு வரிசைதான், முடிச்சிட்டுப் போங்க" என்றார் சூப்பர்வைசர்.

"காய் நாளைக்கும் இருக்கும் சார்." ஊதிவிட்டாள்.

பாறை மேட்டில் தலை எண்ணினார்கள். பதினெட்டுக்குப் பதினேழு. எல்லோரும் சோடியாக நிற்க, தனியாக நின்றவள் மாயக்காள்தான். ஊதுகிற மும்முரத்தில் ஏலியாம்மாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாயக்கா, போகாதீக!" கூட வேலை பார்க்கும் பானுப்பிரியா கையைப் பிடித்தாள். மாயக்காள் உதறிவிட்டுக் கீழே ஓடினாள்.

ஏலியாம்மா ஸ்டோர்க் கதவை இடித்துக்கொண்டிருந்தாள். மெசின் சத்தத்தில், உள்ளே தாழ் போட்டுக் காய் உலர்த்திக்கொண்டிருந்த ஸ்டோர்க்காரன் ஜக்கையனுக்கு எதுவும் கேட்கவில்லை. மாயக்காள் சன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்தாள். ஜக்கையன் வெளியே வந்தான். மூவரும் மேட்டில் பாதிகூட ஏறவில்லை, பின்னால் மலை உறுமியது. ஸ்டோரில் பாதியை மண் வாரிக்கொண்டு போனது.

"சொல்லாமப் போனியேடி!" மாயக்காள் ஏலியாம்மாவை உலுக்கினாள்.

"விளிச்சேன் மாயக்கா. நீ ஊதின ஊதுல கேட்டில்லா."

மூணு நாள் ரோடு திறக்கவில்லை. தமிழ்ப் பெண்கள் சோடிகளின் வீடுகளில் கப்பைக்கிழங்கு தின்று கஞ்சி குடித்துக் கிடந்தார்கள். அடுத்த வாரம் ஸ்டோர் ஆட்களுக்கும் சோடி போட்டார்கள். சூப்பர்வைசர் தானாக வந்து தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.